தென்சேரிக்காரனின் மருமகன்

என் தங்கையின் மகன் அமெரிக்காவில் பந்து பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தான். எட்டுப் பருவங்கள், நான்கு அணிகள், நூற்று அறுபத்தைந்து பிடிகள். இதில் இரண்டு பிடிகள் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. என் முதல் கொப்பியைக் கடல் கொண்டுபோனதால் முதல் ஐந்து வருடக் கணக்கை நினைவிலிருந்துதான் திரும்ப எழுதினேன். இதை எழுதும் இன்றுவரை அவனை நேரில் கண்டதில்லை. படங்களில் கண்டிருக்கிறேன், இருபத்தாறு படங்கள்.

தங்கை தாதியாகப் போனவள். அங்கேயே ஒரு வெள்ளைக்காரரை மணமுடித்தாள். அவர் பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது பிரிந்து போய்விட்டார். பிள்ளை வளர்ந்து ஆறடி மூன்று அங்குலம் ஆனான். பல்கலைக்கழகத்தில் விளையாடி, பிறகு அதையே தொழிலாக எடுத்தான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவியும் நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பே போய்விட்டாள். பெரியகல்லாற்றில் கடலிலிருந்து நூற்றெண்பது எட்டில் என் வீடு. தங்கை அவனுடைய ஆட்டங்களை வீடியோ கசற்றில் பதிந்து அனுப்புவாள். பக்கத்து வீட்டாரின் டெக்கை இரவல் வாங்கிப் பார்ப்பேன். அமெரிக்கக் கசற் எங்கள் டெக்கில் நிறம் காட்டாது. எல்லாம் சாம்பல்தான். "நாங்கள் கடும் நீலம், எங்கள் பரம எதிரி இளம் பச்சை, வருடத்தில் இரண்டு தரம் மோதுவோம்" என்று தங்கை எழுதியதை வைத்துத்தான் எது யார் என்று பிரித்துக்கொள்வேன்.

அந்த விளையாட்டு நாம் காலால் உதைக்கும் பந்தல்ல. பந்து பப்பாசிப் பழம் போல் இருபுறமும் கூராக இருக்கும். ஒருவன் எறிவான், தூரத்தில் ஓடுகிற ஒருவன் பிடிப்பான், பிடித்தவனை எதிராளிகள் விழுத்துவார்கள். என் மருமகன் பிடிக்கிறவன். அவனுக்கு வேறு வேலை கிடையாது. நான் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன், பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் நேரம் பிடிப்பவனும் நானே. அந்த மணிக்கூட்டை வைத்துக்கொண்டு ஒரு கசற்றை முழுமையாக அளந்தேன். மூன்று மணித்தியாலம் ஓடிய ஆட்டத்தில் மருமகன் ஐம்பத்திரண்டு தரம் ஓடினான். ஆறு தரம் அவனிடம் பந்து எறியப்பட்டது. நான்கைப் பிடித்தான். அவன் கையில் பந்து இருந்த நேரம் மொத்தம் பதினொரு செக்கன்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மிச்ச நாற்பத்தாறு ஓட்டமும் எதற்கு என்று தங்கைக்கு எழுதினேன். "அண்ணா, அவன் சும்மா ஓடவில்லை. எதிராளியில் ஒருவனையாவது தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறான், அந்த இடைவெளியில்தான் மற்றவன் பிடிக்கிறான்" என்று பதில் வந்தது. அதன் பிறகு அந்த நாற்பத்தாறு ஓட்டங்களையே அதிகம் பார்த்தேன். கமெரா அவனைக் காட்டாது. திரையின் ஓரத்தில் சில நேரம் தெரிவான். வெறும் புல்லில் கடைசிவரை ஓடி நின்று, திரும்பிப் பார்த்து, ஆட்டம் வேறிடத்தில் முடிந்ததைக் கண்டு, தனியாக நடந்து வருவான். ஒருவரும் அவனைப் பார்க்கமாட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது.

பதினேழாவது கசற்றுக்குப் பிறகு தங்கைக்குச் சுகமில்லாமல் போய், வருத்தம் கடுமையாகி, அந்த மழைக்காலத்தில் போய்விட்டாள். செத்த வீட்டுக்கு நான் போகவில்லை. விசா எடுக்கவே நாள் போதாது. அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, தங்கை வழக்கமாக என்னோடு பேசும் எங்கள் ஊர்ப் போன் கடை நம்பருக்கு மருமகன் எடுத்தான். செவ்வாய் அவர்களுக்கு ஓய்வு நாள். அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் எடுத்தான்.

அவனுடைய தமிழ் முழுக்க அவன் தாயிடம் கேட்டது. அதனால் என்னை நீ என்றுதான் பேசுவான். தாய் தன் சிநேகிதிகளோடு பேசும்போது வரும் 'கா'வும் அவன் வாயில் அப்படியே ஒட்டியிருந்தது. "என்னகா மாமா, சோறு திண்டயா?" என்பான். இருநூறு இறாத்தல் மனிதன். நான் திருத்தவில்லை. திருத்தினால் பேசாமல் விட்டுவிடுவானோ என்று பயம்.

சுனாமியாகக் கடல் வந்த ஞாயிறு காலை நான் வாவிக் கரையில் இறால் வாங்க நின்றேன். அதனால் உயிரோடு இருக்கிறேன், வேறு காரணம் இல்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது வீட்டில் தரையும் கிணறும் மூன்று படியும் இருந்தன. கசற் பதினேழும் இல்லை, கொப்பி இல்லை. டெக் தந்த பக்கத்து வீட்டில் ஐந்து பேரில் இரண்டு பேர் மிச்சம். முகாமாகிய பாடசாலையில் எங்களுக்குத் தந்த வகுப்பறையில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தோம். எண்ணத் தெரிந்தவர் என்று பட்டியலை என்னிடம் தந்துவிட்டார்கள். ஒவ்வொரு காலையும் தொகை மாறும். ஏன் மாறியது என்று எழுதுவதற்கு ஒரு நிரல் கீறியிருந்தேன். அதிலும் எழுத்து நேராகவே வரும்.

ஆறாம் நாள் ஒரு உதவி அமைப்பு போன் கொண்டுவந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம். மருமகனின் நம்பர் எனக்கு மனப்பாடம்.

"மாமா?" என்றான் மருமகன். "மாமா, நீயா?"

"நான்தான். இரிக்கன். வீடு இல்ல. உன்ட கசற் பதினேழும் போயிட்டு."

"கசற்றா மாமா?" என்றான். சிரித்தானா அழுதானா தெரியவில்லை. அரை நிமிடம் அதிலேயே போனது. நேரம் முடிகிறதே என்று எனக்குப் பதற்றம். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "கடைசி ஆட்டத்துல எத்தின பிடிச்ச?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாமா," என்றான்.

பிறகு நாவற்குடாவில் ஒற்றை அறை வீடு ஒன்று தந்தார்கள். சந்தியில் ஒரு கொமினிகேசன் கடை. நடத்தியவர் காத்தான்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும். இரண்டு போன், ஒரு கொம்பியூட்டர். செவ்வாய் அழைப்பை அந்தக் கடைக்கு மாற்றிக்கொண்டேன். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்து வைப்பார். "மாஸ்டர், ஒங்கட மருமவன் பந்து புடிக்கிறான் எண்டு சொல்லுறீங்க, இங்க என்ட மருமவன் கொழும்புக்குப் போய் ஒரு வேலையப் புடிக்க ஏலாமக் கிடக்கான்" என்பார்.

இங்கே சேரி பற்றிச் சொல்லவேண்டும். கண்ணகை அம்மன் கோயிலில் கொம்பு முறி விளையாட்டு நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக் கொம்புகளைக் கோத்து, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இழுப்பார்கள். முறிந்த கொம்பின் சேரி தோற்றது. தோற்றவர்களை வென்றவர்கள் நாட்கணக்கில் பாட்டுப் பாடி நையாண்டி பண்ணுவார்கள். நாங்கள் தென்சேரி. என் மனைவி பிறந்த வீடு வடசேரி. கல்யாணம் முடித்த பிறகு இரண்டு தரம் கொம்பு நடந்தது. இரண்டு தரமும் ஏழு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். எட்டாம் நாள் ஒன்றும் நடக்காதது போல் வந்து தேங்காய் திருவுவாள். சேரி பிறப்போடு வருவது. ஒருவரும் உங்களைக் கேட்டுச் சேர்ப்பதில்லை, ஒருவரும் விலக்குவதுமில்லை. சேரி மாறிய மனிதன் ஒருவனை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

கடல் வந்த அடுத்த வருடம், ஆவணி முடிந்த ஒரு செவ்வாய்.

"மாமா, நான் இனி அங்க இல்ல," என்றான் மருமகன். "மற்ற டீம்."

"எந்த டீம்?"

சொன்னான். பச்சை அணி.

"அவங்களா?"

"ஓம் மாமா. போன கிழமை கையெழுத்து வெச்சன்."

"அவங்கட சட்டையப் போட்டு நம்மட ஆக்களுக்கு எதிரா ஓடப்போறயா?"

"அப்பிடித்தான் மாமா. ஒக்டோபர்ல ஆட்டம் இரிக்கு."

"உன்ட அம்மா இருந்திருந்தா வெக்கத்துல செத்திருப்பா," என்றேன்.

"சரி மாமா" என்றான். போனை வைத்துவிட்டான். ஏன் மாறினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவுமில்லை. மாறினான் என்றால் அவனே எழுந்து மறுபக்கம் போனான் என்றுதான் நினைத்தேன்.

கடைக்காரர் பில்லை எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "செத்துப்போன தாயை ஏன் மாஸ்டர் இதுக்குள்ள இழுத்தீங்க?" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. உங்களுக்குச் சேரி தெரியாது என்றேன். "தெரியாதுதான்" என்றார்.

அடுத்த செவ்வாய் போன் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் இல்லை. நாலாவது செவ்வாய் கடைக்காரர் கொம்பியூட்டர் முன்னால் என்னை இருத்தி, மருமகனின் பெயரை அடித்துத் தேடினார். அவன் ஊர்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் வாசித்தேன்.

நீல அணி அவனை விலக்கியிருந்தது. அவனாகப் போகவில்லை. அங்கே அப்படித்தானாம். பருவம் தொடங்கும் முன் வேண்டியவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை ஒரு காலைக்குள் அனுப்பிவிடுவார்கள். யார் கூப்பிடுகிறார்களோ அங்கே போகவேண்டும். பச்சை அணி மட்டும்தான் கூப்பிட்டது. விலக்கியதற்குக் காரணமும் எழுதியிருந்தது. போன டிசம்பரில் ஒரே ஆட்டத்தில் கைக்கு வந்த மூன்று பந்துகளைத் தவறவிட்டான். அந்தப் பருவம் முழுவதும் அதற்கு முன் அவன் தவறவிட்டவை இரண்டே இரண்டு. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவனை நம்பிப் பந்து எறிய யோசித்தார்கள்.

ஆட்டத்தின் திகதியைப் பார்த்தேன். கடல் வந்த அதே ஞாயிறு. அவர்களுக்கு விடிய, இங்கே நடந்தது தொலைக்காட்சியில் வந்திருக்கும். நான் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல் பகல் ஒரு மணிக்கு மைதானத்தில் இறங்கியிருக்கிறான். போனில் கேட்டபோது பிடித்த இரண்டை மட்டும் சொன்னான். விட்ட மூன்றைச் சொல்லவில்லை.

"என்ன மாஸ்டர், ஏதும் கூடாத செய்தியா?" என்றார் கடைக்காரர். இல்லை, கண்ணாடி சரியில்லை என்றேன்.

பழைய நம்பருக்கு எடுத்தோம். அது வேலை செய்யவில்லை. பச்சை அணியின் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். ஆறு மாதத்தில் அது திரும்பி வந்தது. அதற்குள் அவன் அங்கேயும் இல்லை. மூன்றாவது அணி, பிறகு நாலாவது. திங்கட்கிழமை காலைகளில் கடையில் கணக்குப் பார்ப்பேன். பச்சையில் பதினாறு பிடி, மூன்றாவதில் பதினொன்று, நாலாவதில் நாலு. பிறகு பெயர் வரவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் ஆறு மணிக்குக் கடைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. சண்டை திரும்பவும் மூண்டு, வாகரைச் சனம் அகதிகளாக நடந்தும் லொறியிலும் வந்து சேர்ந்த காலம். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் ஷெல் விழும் சத்தத்தில் கடையின் தகரம் அதிரும். கடையடைப்பு நாட்களில் சந்திவரை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவேன், அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு செவ்வாய். பூட்டியிருந்த நாற்பத்தொன்று போக, நூற்றைம்பத்தொரு நாள் அந்தக் கதிரையில் ஆறிலிருந்து ஏழுவரை இருந்தேன். பில் போட ஒன்றுமில்லாததால் கடைக்காரர் தேத்தண்ணி தருவார். "மாஸ்டர், போன் அடிக்காட்டியும் நீங்க வாறது நல்லம். உள்ளுக்கு ஆள் இரிக்கு எண்டு சனம் நினைக்கும்" என்று ஒரு நாள் சொன்னார். என்னைச் சங்கடப்படுத்தாமல் இருக்கச் சொன்னது அது.

சண்டை முடிந்தது என்று அறிவித்த நாளும் ஒரு செவ்வாய். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். இராணுவக் காவல் சென்றியில் பாற்சோறு கொடுத்தார்கள். ஓட்டோக்களில் கொடி கட்டியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் இருபத்துமூன்று வீடு, ஒரு வீட்டிலும் வாசல் திறந்திருக்கவில்லை. நான் சுவரோரமாக நடந்து கடைக்குப் போனேன். கடைக்காரர் கதவைப் பாதி இறக்கி வைத்திருந்தார். ஆறு இருபதுக்குப் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் ஒன்றும் சொல்லாமல் என் கையில் தந்தார்.

"மாமா? நீ இரிக்கயா?"

"இரிக்கன்."

"ரீவில காட்டினான். முடிஞ்சிட்டாமே."

"ஓம். முடிஞ்சிட்டாம்."

"சத்தம் கேக்குதே. இன்னும் சுடுறானா?"

"சீன வெடி. கொளுத்துறாங்க."

"சந்தோசமா?"

"ஆருக்கோ," என்றேன்.

சற்று நேரம் இரண்டு பேரும் அந்த வெடியையே கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவன் சொன்னான்: "நானும் முடிஞ்சிட்டன் மாமா. முழங்கால் போயிட்டு. இனி ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

நாலு பக்கக் கடிதத்தில் எழுதியது ஒன்றும் எனக்கு நினைவில் வரவில்லை. "நீ மூணு பந்த விட்டது எனக்குத் தெரியும்," என்றேன். "கடல் வந்த அண்டைக்கு."

"ஆரு சொன்ன?"

"பேப்பர்ல இருந்தது."

"நீ செத்துட்ட எண்டு நினைச்சன் மாமா. பந்து வாறது கண்ணுக்குத் தெரியிது. கை வரல்ல."

"நான் சொன்னது பிழை," என்றேன். "நம்மட ஊர்ல ஆரையும் சேரியால வெளிய போடுறல்ல. அங்க போடுவாங்க எண்டு எனக்குத் தெரியாது. நீயாப் போன எண்டு நினைச்சிட்டன். உன்ட அம்மாவை இழுத்தது அதவிடப் பிழை."

"எனக்கும் நீ சொன்னது சரி மாதிரித்தான் இருந்த மாமா," என்றான். "அந்தப் பச்சைச் சட்டையப் போட்டுட்டு ஒளிஞ்சி நிண்டன். பழைய ஆக்கள் கண்டா என்ன சொல்லுவாங்க எண்டு. அதான் உனக்கு எடுக்கல்ல. வெக்கம். மறுகா நாள் போயிட்டு, எடுக்கிறதுக்கே வெக்கம்."

கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு கொம்பியூட்டர் மூடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"மாமா, நான் அங்க வரட்டா?" என்றான் மருமகன்.

இந்த இடத்தில் என் குணம் குறுக்கே வந்தது. வேண்டாம் என்றேன். வழியில் சென்றி அதிகம். கொழும்பிலிருந்து பஸ் ஒன்பது மணித்தியாலம், அவன் காலை மடக்கி இருக்கமுடியாது. வெயில். நுளம்பு. வெள்ளைக்காரச் சாயலில் ஒருவன் என்னிடம் வந்தால் விசாரணை வரும். ஒற்றை அறை. கட்டில் ஐந்தடி எட்டு அங்குலம். இப்படி ஏழு காரணம் சொன்னேன்.

"சரி மாமா," என்றான். நாலு வருடத்துக்கு முன் சொன்ன அதே சரி. வைத்துவிட்டான்.

கடைக்காரர் திரும்பினார். "மாஸ்டர், நூத்துச்சொச்சம் நாள் இந்தக் கதிரையில காத்துக்கிடந்திட்டு, வாறன் எண்டவன வேணாம் எண்டுட்டீங்களே."

"நூற்றைம்பத்தொன்று," என்றேன்.

"அதச் சரியாச் சொல்லுவீங்க."

அன்று படுத்த பிறகு ஏழு காரணத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவனுக்காகச் சொன்னது ஒன்றுமில்லை. எல்லாம் என் பயம். வந்து, என்னைக் கண்டு, இவ்வளவுதானா இந்த மனிதன் என்று நினைத்துவிடுவானோ என்ற பயமும் அதற்குள் இருந்தது. அதை எட்டாவதாகச் சேர்த்தேன்.

காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். நேற்று வந்த நம்பரைக் கடைக்காரர் குறித்து வைத்திருந்தார். முகாமில் கிடைத்த அந்த மூன்று நிமிடம் போக, அவனோடு பேச நானாக எடுத்தது அதுதான் முதல் தரம். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"என்ன மாமா? ஏதும் நடந்துட்டா?"

"ஒண்டும் நடக்கல்ல. நேற்று வேணாம் எண்டன். அது பிழை. வா."

"கட்டில்?"

"கட்டில் செய்யலாம்."

"முழங்கால வெட்டித் தைக்கப்போறாங்க மாமா. அது ஆறினா வாறன்கா," என்றான். எத்தனை கிழமையில் ஆறும் என்று அவனுக்கும் தெரியவில்லை.

கடையிலிருந்து நேரே மரவேலைக்காரரிடம் போனேன். ஏழடி நீளத்தில் ஒரு கட்டில் வேண்டும் என்றேன். அவர் சீவுளியை வைத்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஏழடியா? ஆருக்கு மாஸ்டர்?"

"மருமகனுக்கு. அமெரிக்காவால வாறான்."

"ஒங்கட வாசலால ஏழடி உள்ளுக்குப் போகாது. துண்டு துண்டாக் கொண்டுவந்து அங்க வெச்சுத்தான் பூட்டணும். எப்ப வாறார்?"

"நாள் தெரியாது."

"அப்ப அவசரம் இல்ல."

"இல்ல," என்றேன். "அவசரம்."